நறுமண எண்ணெய்கள்: ஊட்டித் தைலமும் அத்தரும்

தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு தாளில் விட்டால் கறை அப்படியே நிற்கும். யூகலிப்டஸ் தைலம் சிறிது நேரத்தில் பறந்துவிடும். இப்படி ஆவியாகும் எண்ணெய்களையே நறுமண எண்ணெய்கள் என்கிறோம். இலை, பூ, பட்டை, வேர், பழத்தோல் என்று செடியின் எந்தப் பாகத்திலும் இவை இருக்கலாம்.

எடுக்கும் முறை பழையது. நீராவியைச் செடியின் மீது செலுத்தினால் அது எண்ணெயையும் சேர்த்து இழுத்து வரும். குளிர்ந்ததும் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெய் போன்ற சில மட்டும் சற்றுக் கனமானவை, அடியில் தங்கும். 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி வாசனைப் பொருட்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார்.

நீலகிரியில் 'கற்பூர மரம்' எனப்படும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் வந்தது. அதன் இலையில் எண்ணெய் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். சளிக்கு இதமளிப்பது அதிலுள்ள சினியோல். நம் பக்கத்திலும் இப்படி ஒரு பயிர் உண்டு. கடலூர் தொடங்கி நாகை வரையிலான கடலோர மணலில் வெட்டிவேர் நன்றாக வளர்கிறது. அதன் எண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் பல மணி நேரம் காய்ச்ச வேண்டும். விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாகூர் தர்கா கடைகளில் நாம் வாங்கும் அத்தரின் பாரம்பரியத் தாயகம் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். 2014இல் அவ்வூர் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செம்புப் பானையில் ரோஜாவையோ தாழம்பூவையோ வேகவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சுட்ட களிமண்ணிலிருந்து மழை வாசம் எடுப்பதும் அங்கேதான். சந்தனம் விலையேறிய பின் பலர் திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே மலிவு விலையில் 'சுத்த ரோஜா அத்தர்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று குழந்தைகளுக்கு நாக்கில் தடவுவதும், சர்க்கரையில் விட்டுக் கொடுப்பதும் ஆபத்து. ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலம் உள்ளே போனாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். மூட்டுவலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் கடுமையானது: 5 மில்லியில் ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளின் வீரியம் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் மூக்கருகே எந்தத் தைலமும் கூடாது.

பெரியவர்களும் நேரடியாகத் தோலில் பூசாமல், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து பூசலாம். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் தற்காலிக நிவாரணம்தான். சொத்தையை அது ஆற்றாது.

குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.