இடது காலின் ஓய்வும் எண்ணெயின் கொதிப்பும்

மோட்டர் வண்டி ஓட்டப் பழகுவோருக்கு முதலில் தொல்லை கொடுப்பது கிளச் மிதியே. இடது காலால் அதனை அழுத்தி, கையால் கியரை மாற்றி, மீண்டும் காலை மெல்ல மெல்ல எடுத்தல் வேண்டும். சற்றே பிழைத்தால் வண்டி துள்ளும்; அன்றேல் எஞ்சின் நின்றுவிடும். இத்தொல்லையைப் போக்கவென்றே அமெரிக்கப் பொறியியலாளர் தானியங்கிக் கியர்ப் பெட்டியை ஆக்கினர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தொம்சன் என்பாரின் தலைமையில் உருவான ஹைட்ராமற்றிக் என்னும் பெட்டி, 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அடுத்த ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் வெளிவந்தது. இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது. அதற்குரிய விலை வெப்பமாக எண்ணெயில் ஏறிற்று. வண்டியின் பின்னே ஒரு டிரெயிலரைக் கட்டிக்கொண்டு மலையேறப் புகுந்தவர்களே அவ்விலையின் அளவை நன்கு உணர்ந்தனர்.

இக்கதையின் வேரைத் தேடுவோர் கப்பல் கட்டும் துறைக்குச் செல்லல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிச் சுழலிகள் கப்பல்களுக்கு வந்தன. சுழலி மிக விரைவாகச் சுற்றும். கப்பலை உந்தும் விசிறியோ மெதுவாகச் சுற்றினாலன்றி நற்பயன் தராது. அந்நாளில் ஜெர்மனிக்கு உரியதாயிருந்த ஸ்டெற்றின் நகரத்து வுல்கான் கப்பற்றளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபெட்டிங்கர், 1905இல் இதற்கொரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். இதழ்கள் பதித்த இரு சக்கரங்களை ஒரே கூட்டினுள் எதிரெதிரே வைத்தார். ஒன்று திரவத்தை வீசி எறியும். மற்றையது அவ்வீச்சினாற் சுழலும். இடையில் பல்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. கப்பலைச் சூழ எங்கும் நீர் இருந்தமையால், வெப்பத்தைப் பற்றி அங்கே கவலையும் இல்லை.

அதே தத்துவம் தரைக்கு வந்தபோதுதான் கவலையும் உடன் வந்தது. இங்கிலாந்தில் டெயிம்லர் நிறுவனம் 1930இல் தன் வண்டிகளிலும் பேருந்துகளிலும் திரவச் சக்கரத்தைப் பொருத்திற்று. ஹைட்ராமற்றிக்கும் அத்தகைய எளிய திரவ இணைப்பையே கொண்டிருந்தது; இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரின் எம்-5 இலகு தாங்கிகளில் அது உழைத்தது. 1948இல் பியூக் வண்டிகளுக்கு வந்த டைனாஃப்ளோ ஒரு படி மேலே சென்றது. இரு சக்கரங்களுக்கும் இடையே, திரவத்தை வளைத்துத் திருப்பும் பகுதியையும் சேர்த்து, முறுக்கு விசையைப் பெருக்கிக் காட்டிற்று. வண்டி பாயின்மேல் வழுக்குவதுபோல் நகர்ந்தது. மக்கள் அதில் மயங்கியதில் வியப்பில்லை.

எனினும் அந்த வழுக்கலே குற்றத்தின் இருப்பிடம். முன்சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் பின்சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இழக்கப்படும் வலு, எண்ணெயைச் சூடாக்குவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. வண்டியை அசையவிடாது தடுத்து எஞ்சினை முடுக்கினால், அதன் வலு முழுவதும் வெப்பமாகிவிடும். இதனாலேயே அத்தகைய சோதனையைச் சில நொடிகளுக்கு மேல் நீட்டுதல் ஆகாதென்பர். சமதரையில் விரைந்து செல்லும்போது வழுக்கல் சிறிது. பாரம் இழுத்து, மேட்டில் மெதுவாக ஏறும்போது அது மிகும். முன்னாலிருந்து வரும் காற்றும் அப்போதே குறையும். இரண்டு தீமைகள் ஒன்றுகூடி வருகின்றன.

வெப்பமேறிய எண்ணெய் என்ன செய்யும்? 175 பாகை பரனைற்று, அதாவது ஏறத்தாழ 80 பாகை செல்சியசு அளவில் அது நெடுங்காலம் உழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 20 பாகை பரனைற்றுக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. இது துல்லியமான விதியன்று. ஆனால் எச்சரிக்கை என்ற அளவில் மிகவும் நல்லது. இக்கணக்கின்படி 235 பாகையில் எண்ணெயின் ஆயுள் எட்டில் ஒன்றே. சிவப்புச் சாயமிட்ட எண்ணெய் கபில நிறமாகிக் கருகல் நாற்றம் வீசும். இறப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கும். உராய்வுத் தட்டுகள் பிடிமானம் இழக்கும். விடுமுறைக்கென்று குடும்பத்தோடு டிரெயிலர் இழுத்துப் புறப்பட்டவர், மலைச்சாலையின் ஓரத்தில் அசையாத வண்டியோடு நிற்க நேரும்.

வண்டி செய்வோர் இதனை அறியாதவரல்லர். சில வண்டிகளில் கூட்டின் புறத்தே சிறகுகள் அமைத்துக் காற்றாற் குளிர்வித்தனர். பிற்காலத்தில் நிலைபெற்ற முறை, எண்ணெயைக் குழாய் வழியே ரேடியேற்றரின் தொட்டிக்குள் செலுத்தி எடுப்பதாகும். சாதாரண ஓட்டத்துக்கு இது போதும். குளிர்நாட்டில் காலை வேளையில் எண்ணெயை விரைவிற் சூடாக்கவும் உதவும். ஆனால் மலையேறும் வண்டியில் ரேடியேற்றர் நீரே கொதிநிலையை நெருங்கி நிற்கும். தானே வெந்துகொண்டிருப்பது பிறிதொன்றைக் குளிர்விப்பது எங்ஙனம்?

ஆகவே ரேடியேற்றருக்கு முன்னால், காற்றுப் படும் இடத்தில், எண்ணெய்க்கென்று தனியாக ஒரு குளிர்விப்பான் வந்தது. எண்ணெய் முதலில் ரேடியேற்றரினுள் சென்று, பின்பு இக்குளிர்விப்பானைக் கடந்து, கியர்ப் பெட்டிக்குத் திரும்பும். இந்த வரிசை முக்கியமானது. மாற்றிப் பொருத்தினால், குளிர்ந்த எண்ணெய் மீண்டும் வெந்நீரிடம் சென்று சூடேறித் திரும்பும். 1960களிலும் 1970களிலும், டிரெயிலர் இழுப்போருக்கான தனித் தொகுப்பில் இதனையும் சேர்த்து விற்கலாயினர். பெரிய எஞ்சின், தடித்த வில், வலுவான கொளுவி என்பனவற்றையே வாங்குவோர் கேட்டனர். உள்ளங்கை அகலத்தினும் சற்றே பெரிய இந்தத் தகட்டுக் கூட்டைக் கேட்டவர் சிலரே. கெட்டிக்கார வாங்குநர் அவர்களே எனலாம்.

இவ்விடத்திலே திமிங்கிலமும் இக்கதையினுள் நுழைகின்றது. உராய்வுத் தட்டுகள் அதிர்வின்றிப் பற்றுவதற்காகத் தானியங்கிக் கியர் எண்ணெயில் விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தனர். அத்திமிங்கிலம் அழியும் நிலையில் உள்ளதென 1970இல் ஐக்கிய அமெரிக்கா பட்டியலிட்டதும் அவ்வழி அடைபட்டது. அதற்கு ஈடாக வந்த எண்ணெய்களுள் ஒன்றான டெக்ஸ்ரன் இரண்டாம் வகை, தொடக்கத்தில், ரேடியேற்றரினுள் இருந்த குளிர்விப்பானின் ஈயப்பற்றையே அரிக்கத் தொடங்கிற்று. பற்று விட்டால் நீரும் எண்ணெயும் கலக்கும். நீர் கலந்த எண்ணெய் உராய்வுத் தட்டின் பசையைக் கெடுக்கும். பின்னர் அவ்வெண்ணெயின் கலவை திருத்தப்பட்டது. கடலில் ஓர் உயிரைக் காத்ததன் விளைவைத் தரையில் ஒரு குழாய்ப் பொருத்து தாங்க வேண்டியிருந்தது!

வெப்பத்தை அகற்றுவதைவிட அதனைப் பிறவாமற் செய்வது மேலன்றோ? 1949இல் பக்காட் நிறுவனம் தன் அல்ற்றாமற்றிக் பெட்டியில் அதனையே செய்தது. வண்டி விரைவு பெற்றதும் ஒரு கிளச் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும், வழுக்கல் நின்றுவிடும். காலத்துக்கு முந்திய இவ்வறிவுக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை. எரிபொருள் மலிவாக இருந்தவரை பிறர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே, 1978ஆம் ஆண்டு வண்டிகளில் கிறைஸ்லர் அதனை மீண்டும் கொணர்ந்தது. ஆயினும் செங்குத்தான ஏற்றத்தில் பூட்டு விலகும்போது பழைய வழுக்கலும் திரும்பும்; அந்நேரத்தில் குளிர்விப்பானே துணை.

எந்த வண்டி எவ்வளவு இழுக்கும் என்று நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி சொல்லிவந்த வழக்கத்துக்கு எல்லையிட, அமெரிக்க மோட்டர்ப் பொறியியலாளர் கழகம் 2008இல் ஜே-2807 என்னும் அளவுநெறியை வகுத்தது. இதனைப் பின்பற்றுவது கட்டாயமன்று. அதன் மிகக் கடுமையான சோதனை, அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணையருகே தொடங்கும் ஏற்றத்தைக் கொண்டது: 11.4 மைல் நீளம், ஏறத்தாழ 3,000 அடி உயர்வு, 100 பாகை பரனைற்றுக்குக் குறையாத வெயில். முழுப் பாரத்தோடு குறித்த வேகம் குறையாமல் ஏறிமுடித்தல் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிதலும் எண்ணெய் கசிதலும் ஆகா. வண்டியின் குளிரூட்டியோ முழுவேகத்தில் இயங்கியபடியே இருத்தல் வேண்டும். அப்பாலைவனப் பகுதியின் மேடுகள் சிலவற்றிலே, குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஏறுமாறு சாரதிகளுக்கு அறிவுறுத்தும் பலகைகள் சாலையோரத்தில் நிற்கின்றன.