பரணிலிருந்து அரங்கம் வரை: மதுரையின் ஏறுதழுவும் களங்கள்

ஏறுதழுவுதலுக்கெனத் தமிழ்நாடு அரசு கட்டிய நிலையான அரங்கம் மதுரை மாவட்டத்தில், அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், வகுத்துமலை அடிவாரத்தில் உள்ளது. ‘கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம்’ என்ற பெயரில் 2024 ஜனவரி 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார். அதுவரை இந்த வட்டாரத்தில் மாடுபிடிக் களம் என்பது பெரும்பாலும் விழாவுக்காகக் கட்டி, விழா முடிந்ததும் பிரிக்கப்படுவதாக இருந்தது. அந்தக் களம் மாறிவந்த வரலாறு, பார்ப்பவர் எங்கே நிற்பது என்ற கேள்வியோடு பிணைந்தது.

இந்த விளையாட்டின் பழைய இலக்கியச் சான்று கலித்தொகையின் முல்லைக்கலி. ஆயர் காளைகளைத் தொழுவில் விட, இளைஞர்கள் அதனுள் பாய்ந்து தழுவுகிறார்கள். பெண்கள் பரண்மேல் இருந்து பார்க்கிறார்கள். காளைக்குத் தொழு, காண்போருக்குப் பரண் என்ற பிரிவு அப்பாடல்களிலேயே தெளிவாக உள்ளது.

பிற்காலத்தில் இவ்விளையாட்டு ஊர்க் கோயிலோடு இணைந்தது. சிவகங்கைப் பக்கம் திறந்த வெளியில் காளைகளை அவிழ்த்துவிடும் மஞ்சுவிரட்டும், நீண்ட வடத்தில் காளையைக் கட்டி ஆடும் வடமாடும் வேரூன்றின. மதுரை வட்டாரத்தில் நிலைபெற்றது ஜல்லிக்கட்டு எனப்படும் வாடிவாசல் முறை. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர் என்ற வரிசை இன்றும் தொடர்கிறது. வரிசையில் வரும் காளைகள் ஒவ்வொன்றாகக் குறுகிய வாடிவாசல் வழியே பாய்கின்றன. முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. விழுபவருக்கும் காளைக்கும் அடிபடாமலிருக்கத் தரையில் தென்னை நார் பரப்பப்படுகிறது. திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டும்வரையோ காளை மூன்று முறை துள்ளும்வரையோ பிடியை விடாதவரே வென்றவர். களத்தைத் தாண்டி ஓடும் காளையை உரிமையாளர் ‘கலெக்சன் பாயின்ட்’டில் பிடித்துக்கொள்கிறார்.

இந்த அமைப்பின் பெரிய குறை, காளை ஓடும் பாதையிலேயே கூட்டமும் நின்றதுதான். மாடுபிடி வீரருக்கு நேர்ந்த ஆபத்து வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் நேர்ந்தது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்ட ஒரு வழக்கில் ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை விதித்தது. 2007இல் அத்தடை நீங்கியபோதும் கட்டுப்பாடு தேவை என்பது உறுதியானது. அதன் விளைவாக வந்த 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஆட்சியரின் முன் அனுமதியையும் இரட்டைத் தடுப்பு வேலியையும் கட்டாயமாக்கியது. பார்வையாளர் கேலரி உறுதியாக உள்ளதெனப் பொதுப்பணித் துறை சான்று தர வேண்டும் என்றும் கூறியது. கம்புகளால் கட்டிய மேடை இவ்வாறு அரசின் ஆய்வுக்கு உட்பட்ட கட்டுமானமாயிற்று.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கி விளையாட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கத்திலும் தடையை நீக்கக் கோரி மாணவர்களும் இளைஞர்களும் இரவு பகலாகத் திரண்டனர். 21ஆம் தேதி விளையாட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. 23ஆம் தேதி சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டத்தைச் சூழ்ந்திருந்த ஐயம் அதனோடு விலகியது.

கீழக்கரை அரங்கம் ஏறத்தாழ 66 ஏக்கரில் 62 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்தது. வாடிவாசல், மூன்று தளக் கட்டடம், பார்வையாளர் மாடம், காளைகளுக்கான கொட்டில், மருத்துவ வசதி, அருங்காட்சியகம், நூலகம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்தன. கூட்டத்தைக் காளையின் வழியிலிருந்து முழுமையாகப் பிரிப்பது இதன் முதற்பயன்.

ஸ்பெயினிலும் ஊர்ச் சதுக்கங்களில் நடந்த காளை விளையாட்டு 18ஆம் நூற்றாண்டில் கல் அரங்குகளுக்குள் சென்றது; ரோண்டா அரங்கம் 1785இல் திறக்கப்பட்டது. அங்கே காளையைக் கொல்வதே முடிவு. இங்கே காளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும்; பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. அடுத்த ஆண்டும் அதே காளை களம் காணும் என்பதால் அதன் வளர்ப்பும் நாட்டு இனங்களின் காப்பும் இவ்விளையாட்டோடு ஒன்றாகின்றன.

அரங்கம் திறந்த பிறகும் பொங்கல் போட்டிகள் மூன்றும் தத்தம் ஊர்களிலேயே நடக்கின்றன. கோயில் மரியாதை, ஊர் விழாக் குழு, முதல் காளை ஆகிய உரிமைகள் அந்தந்த வாடிவாசலுக்கு உரியவை. அவற்றை வேறிடத்துக்குப் பெயர்க்க இயலாது. ஆகவே விழாவுக்கு ஊர்த் திடலும், விழா நாள்களுக்கு வெளியே நடத்தப்படும் போட்டிகளுக்கு அரங்கமும் என இருவகைக் களங்கள் இன்று மதுரையில் உள்ளன. பார்வையாளரின் பாதுகாப்புக்கு அரங்கம் வகுத்த அளவுகோல் ஊர்த் திடல்களுக்கும் பொருந்த வேண்டும்.