நாழிகை வட்டிலும் இலத்திரனியற் காலக்கருவியும்

காலத்தை அளத்தல் ஒரு கலை. அளந்த காலத்தைப் பிறருக்கு அறிவித்தல் மற்றொரு கலை. இவ்விரண்டும் இணைந்தபோதே கடிகாரம் என்னும் கருவி சமுதாயத்திற்குப் பயன்படலாயிற்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள வேளாண்மை ஊர் முரசுமோட்டை. முரசு ஒலிக்கருவி, மோட்டை என்பது வன்னி வழக்கிற் சிறு நீர்நிலை. நீரும் ஒலியும் சேர்ந்த இப்பெயர், நம் முன்னோர் பொழுதளந்த முறைக்கும் பொருந்தி வருவது சுவையானதொரு செய்தியாகும். அவர்கள் நீரால் அளந்தனர், ஒலியால் அறிவித்தனர். அம்மரபையும், ஒலியெழுப்பி நேரமறிவிக்கும் எளிய இலத்திரனியற் சுற்றையும் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுப்பது தமிழர் வழக்கு. ஒரு நாழிகை 24 நிமிடங்களுக்குச் சமம். அடியில் நுண்டுளை கொண்ட வட்டிலை நீரின்மேல் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்குங் காலத்தை ஓர் அலகாகக் கொண்டனர். பாசறையில் தங்கிய வேந்தனுக்கு நீர்க்கன்னல் கொண்டு பொழுதறிவிப்போரை நப்பூதனாரின் முல்லைப்பாட்டிற் காண்கிறோம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை நாழிகைக் கணக்கரைக் குறிப்பிடுகின்றது. அவர்களுக்குக் ‘கணக்கர்’ என்னும் பெயர் அமைந்தது கருதத்தக்கது. வட்டில் தானாக மூழ்கும். எத்தனை முறை மூழ்கியது என்று எண்ணுவதற்கு ஆள் வேண்டும். எண்ணியதை ஊரறியச் செய்வதற்கு முரசோ சங்கோ மணியோ வேண்டும்.

ஈழத்திலும் இம்முறை வழங்கியது. கண்டி இராச்சியத்தில் நெடுங்காலஞ் சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நீர்ப்பானையில் மிதக்கும் துளையிட்ட செப்பு வட்டிலை விவரிக்கின்றார். மக்கள் உத்தேசமாகவே பொழுதறிந்தனர் என்றும், இக்கருவி அரசனிடம் இருந்தது என்றும் அவர் கூறுவது ஆழ்ந்து நோக்கற்பாலது. காலக்கருவி அரசுடைமையாயிருந்தது; குடியானவனோ சூரியனையும் விண்மீனையும் நம்பியிருந்தான். ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. அங்குத் தொடக்ககாலப் பொறிக் கடிகாரங்கள் பலவற்றிற்கு முகப்பு இல்லை. மணியோசை மட்டுமே இருந்தது. கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. கோபுரமும் மணியும் எவரிடம் இருந்தனவோ, நேரமும் அவரிடமே இருந்தது.

வட்டிலின் நுட்பம் ஒன்று இங்கு விளக்கத்தக்கது. பாத்திரத்திலிருந்து நீரை ஒழுகவிட்டுக் காலமளக்கும் கருவியில், நீர்மட்டந் தாழத் தாழ ஒழுக்கின் வேகமுங் குறையும். மிதக்கும் வட்டிலிலோ உள்நீருக்கும் வெளிநீருக்கும் இடையிலான மட்ட வேறுபாடு பெரும்பாலும் மாறாதிருக்கும். ஆகவே பானையிற் சிறிது நீர் கூடினாலும் குறைந்தாலும் அளவு பிழைப்பதில்லை. சுற்றுச் சூழல் மாறினும் தன் அளவு மாறாமையே நல்ல காலக்கருவியின் இலக்கணமாகும்.

இதே இலக்கணத்தை இலத்திரனியலில் நிலைநாட்டியவர் சூரிச்சிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர். 1947இல் திரான்சிற்றரும், 1958இல் ஒருங்கிணைந்த சுற்றும் தோன்றிய பின்னர், சிக்னெற்றிக்ஸ் நிறுவனத்திற்காக 1971இல் அவர் வடிவமைத்த 555 என்னும் சில்லு 1972இல் விற்பனைக்கு வந்தது. எட்டுக் கால்களும் ஏறத்தாழ 25 திரான்சிற்றர்களும் கொண்ட இச்சிறு பொருள், இன்றளவும் பெருந்தொகையில் உற்பத்தியாகின்றது.

இதன் செயலை வட்டிலின் உவமையாலேயே விளக்கலாம். கொள்ளளவி வட்டில், தடை அதன் நுண்டுளை, மின்னேற்றம் நீர். தடையினூடாக மின்னேற்றம் மெல்ல மெல்லக் கொள்ளளவியை நிறைக்கும். அதன் அழுத்தம் வழங்கல் அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும், சில்லினுள் இருக்கும் ஒப்பீட்டுச் சுற்று அதனை உணர்ந்து வெளியீட்டை மாற்றும், கொள்ளளவியும் வெறுமையாக்கப்படும். பற்றரி தளர்ந்தால் நிறையும் வேகங் குறையும். ஆனால் எட்டவேண்டிய எல்லையும் அதே விகிதத்திற் குறையும். ஆதலின் காலம் பெரும்பாலும் மாறுவதில்லை. பானை நீரின் அளவைப் பொருட்படுத்தாத வட்டிலின் பண்பு இங்கு மறுபிறவி எடுத்துள்ளது எனலாம்.

சுற்றமைப்பும் கடினமானதன்று. 9 உவோற்றுப் பற்றரியின் நேர்முனையை 4ஆம், 8ஆம் கால்களுக்கும், எதிர்முனையை 1ஆம் காலுக்கும் இணைக்க வேண்டும். 6ஆம், 7ஆம் கால்களை ஒன்றாக்கி, அங்கிருந்து நேர்முனைக்குத் தடையையும் எதிர்முனைக்குக் கொள்ளளவியையும் பொருத்த வேண்டும். 2ஆம் காலை 10,000 ஓம் தடையால் நேர்முனையோடு இணைத்து, அக்காலுக்கும் எதிர்முனைக்கும் இடையில் ஓர் அழுத்து பொத்தானை வைக்க வேண்டும். 5ஆம் காலிலிருந்து எதிர்முனைக்கு 0.01 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று போதும். ஒலிப்பானை நேர்முனைக்கும் வெளியீடாகிய 3ஆம் காலுக்கும் இடையில் இணைத்தால், பொத்தானை அழுத்தியதும் அது அடங்கும். குறித்த காலம் நிறைந்ததும் ஒலிக்கும். காலம் ஓடும்போது வெளியீட்டின் அழுத்தம் வழங்கல் அழுத்தத்தினும் சற்றுக் குறைந்தே இருப்பதால், 3 உவோற்றுக்குக் கீழ் ஒலிக்காத ஒலிப்பானைத் தெரிவுசெய்தல் நன்று.

தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி 1.1 ஆற் பெருக்கினால் காலம் செக்கனிற் கிடைக்கும். 10 இலட்சம் ஓமும் 100 மைக்கிரோபரட்டும் 110 செக்கனைத் தரும். 13 இலட்சம் ஓமும் 1000 மைக்கிரோபரட்டும் கொண்டால் 1430 செக்கன். அதாவது ஒரு நாழிகைக்குப் பத்துச் செக்கனே குறைவு. எனினும் இது ஏட்டுக் கணக்கு. பெரிய கொள்ளளவியில் மின்கசிவு உண்டு. அது நிறையாமலே இருந்துவிடவுங் கூடும். எனவே நெடுங்காலத்தை அளப்போர் குறுகிய துடிப்புகளை உண்டாக்கி, அவற்றை எண்ணுஞ் சில்லொன்றாற் கணக்கிடுவர். நாழிகைக் கணக்கர் செய்ததும் இதுவே அன்றோ!

இனி, முரசுமோட்டைக்கு இதனால் விளைவது யாது? கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட இரணைமடுக் குளமே அப்பகுதி வயல்களின் உயிர்நாடி. சிறுபோகத்தில் நீர் அருமையாகும். பயிரிடும் ஏக்கரளவு கூட்டங்கூடித் தீர்மானிக்கப்படும். நீர் முறைவைத்து விடப்படும். முறை என்பதே காலப் பங்கீடுதான். ஒருவன் கண்ணயர்ந்த வேளையில் மற்றொருவனின் பங்கு குன்றும். வரம்பிற் சச்சரவு மூளும். அனைவரும் கேட்க ஒலிக்கும் கருவி அங்கு வெறும் வசதியன்று, நடுநிலைச் சாட்சியாகும்.

ஆயினும் கருவி மலிந்த காலத்திலும் அது எல்லோர்க்கும் எட்டியதில்லை. போர்க்காலத்தில் வடபுலம் மின்சாரத்தை இழந்திருந்தது. 1990களில் பற்றரியும் தடைப் பொருள்களுள் ஒன்றாயிற்று. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில்லின் விலை சிறிதேயாயினும், அதற்கு உயிரூட்டும் பற்றரி அதிகாரத்தின் கையிலிருந்தது. நொக்ஸ் கண்ட செப்பு வட்டிலின் கதை வேறொரு வடிவில் மீண்டது என்பதே இதன் வரலாற்றுப் பொருள்.

2009இற் போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின்னர் அத்தடைகள் அகன்றன. இலத்திரனியல் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலின் ஒரு பகுதியாகத் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றது. எனினும் பரீட்சைத் தாளில் வரையப்படும் சுற்று வயல் வரம்புக்கு வந்து சேர்வது அரிதாகவே உள்ளது. கருவியை வாங்குவோன் அதன் பயனை மட்டும் பெறுகிறான். அதனை ஆக்கத் தெரிந்தவனோ பழுது வந்தாலும் தடை வந்தாலும் மாற்றுவழி காண்கிறான். வேந்தனின் பாசறையில் இருந்த காலக்கணக்கு உழவனின் கைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. அது மீண்டும் கைநழுவாதிருக்க வேண்டுமாயின், அக்கணக்கை அறிந்தோர் ஊர்தோறும் இருத்தல் வேண்டும்.