ஆதரவுக் குழுக்களும் அந்தரங்கமும்

புற்றுநோய் வந்தவர்கள், குடியை விட முயல்பவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மனச்சோர்வில் தவிப்பவர்கள் என்று ஒரே துன்பத்தில் இருப்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடங்களை ஆதரவுக் குழுக்கள் என்கிறோம். மருத்துவர் ஒதுக்குகிற பத்து நிமிடத்தில் கேட்க முடியாத கேள்விகள் அங்கே கேட்கப்படுகின்றன. ஊரில் இருக்கும் அம்மா பயந்துவிடுவாள் என்று மறைத்த செய்தி, முகம் தெரியாத ஒருவரிடம் நடு இரவில் சொல்லப்படுகிறது. இப்படிச் சொல்லப்பட்ட பேச்சு யாருக்குச் சொந்தம், எவர் காதுவரை போகலாம் என்பதில் கடந்த முப்பது ஆண்டுகளில் பல சண்டைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான சிலவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால், இவற்றைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்ப்பதைவிடத் தரவுத்தளத்தின் பக்கமிருந்து பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

பெயரற்றவர்களின் மரபு

இணையத்துக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சிக்கல் இருந்தது. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் தொடங்கியது. பெயரிலேயே 'பெயரற்றவர்கள்' என்று இருப்பதைக் கவனிக்கலாம். குடிகாரன் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எவரும் வரமாட்டார்கள் என்பதால், முதற்பெயர் மட்டும் சொல்லிப் பேசும் வழக்கம் அங்கே வந்தது. இந்த அந்தரங்கத்தைக் காத்தது சட்டமன்று. ஒரு சின்ன அறையும், அதில் இருந்தவர்களின் வாய்க்கட்டுப்பாடும்தான்.

சட்டம் காக்காது என்பது பின்னால் நிரூபணமாயிற்று. 1988இல் நியூயார்க் மாநிலத்தின் லார்ச்மாண்ட் என்ற ஊரில் ஒரு தம்பதி கொல்லப்பட்டனர். சில ஆண்டுகள் கழித்து, இந்த இயக்கத்தில் சேர்ந்த ஓர் இளைஞர் தன் சக உறுப்பினர்களிடம் அதைப் பற்றிச் சொன்னார். அவர்களே பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேர்ந்தது. 1994இல் அவர் தண்டிக்கப்பட்டார். பாதிரியாரிடம் செய்யும் பாவமன்னிப்பைப் போல இந்தப் பேச்சையும் காக்க வேண்டும் என்று 2001இல் ஒரு நீதிபதி கருதினார். ஆனால் 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர் ஆன்மீக வழிகாட்டுதல் தேடிப் பேசவில்லை என்றது. கொலையாளி தப்பக்கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. ஆனாலும் மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார் ஆகியோரின் காதுக்கு இருக்கும் பாதுகாப்பு சக துன்பக்காரரின் காதுக்குக் கிடையாது என்பது இந்த வழக்கில் தெளிவாயிற்று.

ஹெல்சிங்கியின் மறைபெயர் வழங்கி

1993இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஜோஹன் ஹெல்சிங்கியஸ் என்ற கணினி வல்லுநர் தன் செலவில் ஒரு வழங்கியை நிறுவினார். அதற்கு ஒரு மடல் அனுப்பினால், அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஓர் எண்ணை மட்டும் இட்டு உரியவருக்கு அனுப்பும். பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் கூடிய யூஸ்நெட் குழுக்களில் பலர் இதை நம்பித்தான் வாய் திறந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் பயனர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

இதில் ஒரு பலவீனம் இருந்தது. பதில் திரும்ப வேண்டுமென்றால், எந்த எண் எந்த முகவரிக்குரியது என்ற அட்டவணை எங்காவது இருந்தாக வேண்டும். 1995இல் சயன்டாலஜி திருச்சபை, தன் உள் ஆவணம் ஒன்றை யாரோ இந்த வழங்கி வழியாக வெளியிட்டதாகப் புகார் செய்தது. காவல்துறை வந்து நிற்க, ஹெல்சிங்கியஸ் ஒரு முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996இல் நீதிமன்றம் மறுபடி ஆணையிட்டபோது, தன்னால் இனி எவருக்கும் உறுதி தர இயலாது என்று வழங்கியையே மூடிவிட்டார். சண்டை ஒரு திருச்சபைக்கும் அதன் எதிரிகளுக்கும் இடையில்; துணை இழந்தவர்களில் அந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இருந்தார்கள். பட்டியல் ஒன்று இருந்தால் என்றைக்காவது அதைக் கேட்டு யாராவது வருவார்கள் என்பதை நான் எந்த மென்பொருளைத் திட்டமிடும்போதும் இந்தக் கதையோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

விற்பதும் திருடுவதும்

நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஆளான தம் சகோதரருக்காக ஹேவுட் சகோதரர்கள், ஒரு நண்பருடன் சேர்ந்து 2004இல் தொடங்கியது 'பேஷண்ட்ஸ்லைக்மீ' நிறுவனம். நோயாளிகள் எந்த மருந்தை எவ்வளவு எடுக்கிறோம், என்ன பக்கவிளைவு வந்தது என்பதையெல்லாம் அங்கே மறைபெயரில் பதிந்துகொண்டார்கள். 2010 மே மாதம், மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் பேசும் பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஓர் 'உறுப்பினர்' எல்லாச் செய்திகளையும் நகல் எடுப்பதை நிர்வாகிகள் கண்டுபிடித்தார்கள். அது மனிதரன்று, ஒரு நிரல். அனுப்பியது சந்தை ஆய்வில் பெரும்புள்ளியான நீல்சன் நிறுவனம். மருந்து நிறுவனங்கள் உள்ளிட்ட வாடிக்கையாளர்களுக்காக இணையப் பேச்சைத் தொகுத்துத் தருவது அதன் தொழில்களில் ஒன்று. எதிர்ப்புக் கிளம்பியபின், கடவுச்சொல் கேட்கும் இடங்களில் அனுமதியின்றி இப்படிச் செய்வதில்லை என்று நீல்சன் சொன்னது.

உறுப்பினர்களுக்கு இந்தச் செய்தியை அறிவித்தபோது, பேஷண்ட்ஸ்லைக்மீ இன்னொன்றையும் நினைவூட்டியது. பெயர் நீக்கிய தரவுகளை அந்த நிறுவனமே மருந்து நிறுவனங்களுக்கு விற்றுவந்தது. விதிமுறைகளிலும் அதை மறைக்காமல் எழுதியிருந்தது. அதிர்ந்தவர்களில் சிலருக்கு இரண்டாவது செய்திதான் பெரிய அதிர்ச்சி. விதிமுறையில் எழுதியிருப்பதும் உறுப்பினர் மனத்தில் இருப்பதும் ஒன்றல்ல. நிர்வாகி அந்த இடத்தை ஆய்வுக்கூடமாகப் பார்க்கிறார். உள்ளே பேசுகிறவர் அதைத் திண்ணையாக நினைத்துப் பேசுகிறார்.

பட்டியலே ரகசியம்

என்ன பேசினார்கள் என்பது தெரியாவிட்டாலும், யார் யார் இருக்கிறார்கள் என்பதே சில குழுக்களில் போதும். மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டும் பிராக்கா மரபணு மாற்றம் உள்ள பெண்கள் ஃபேஸ்புக்கில் மூடிய குழுக்கள் வைத்திருந்தார்கள். உறுப்பினரல்லாதவர்கள்கூட அப்பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியும் என்பதை 2018இல் அவர்களே கண்டறிந்தார்கள். ஃபேஸ்புக் அந்த வழியை அடைத்தது. அடுத்த ஆண்டு, உடல்நலக் குழுக்களில் பெயர் காட்டாமல் கேள்வி கேட்கும் வசதியையும் தந்தது.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மரபணுச் செய்தியை வைத்து மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதை அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கும், முதுமையில் பராமரிப்புக்கான காப்பீட்டுக்கும் அந்தத் தடை பொருந்தாது.

நல்லெண்ணமும் போதவில்லை

லாபநோக்கம்தான் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் தற்கொலைத் தடுப்புப் பணியில் பல்லாண்டுகளாக இருக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு, 2014 அக்டோபர் 29ஆம் தேதி 'ரேடார்' என்ற செயலியை வெளியிட்டது. நீங்கள் ட்விட்டரில் பின்தொடர்கிற எவராவது மனமுடைந்த தொனியில் எழுதினால் உங்களுக்கு மடல் வரும். எழுதியவருக்குத் தான் கண்காணிக்கப்படுவது தெரியாது. நண்பனுக்குப் போகும் அதே எச்சரிக்கை, துன்புறுத்தும் முன்னாள் கணவனுக்கும் போகும் என்று மனநோயோடு வாழ்பவர்களே எதிர்த்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. எழுதியதெல்லாம் பொதுவெளியில் உள்ளதுதானே என்ற வாதம் எடுபடவில்லை.

2022 ஜனவரியில் இன்னொன்று வெளிவந்தது. நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியில் ஆறுதல் தரும் அமெரிக்க அமைப்பான 'க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்', பெயர் நீக்கிய உரையாடல்களை லோரிஸ் என்ற வணிக நிறுவனத்துக்குத் தந்திருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் செய்வது லோரிஸின் வேலை. செய்தி வந்த சில நாட்களிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

சட்டமும் தத்துவமும்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் 'ஹிப்பா' சட்டம் நோய்க்குறிப்புகளைக் காக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது மருத்துவமனை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம், அவர்களின் ஒப்பந்தக்காரர் ஆகியோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. நானே என் நோயைக் குழுவில் சொன்னால் அது அங்கே பொருந்தாது. ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை உடல்நலச் செய்திகளைத் தனி அக்கறையோடு நடத்துகிறது. ஆனாலும் ஒருவர் வெளிப்படையாகத் தானே பொதுவில் வைத்த செய்திக்கு அதில் விலக்கு உண்டு. ஆயிரம் பேர் உள்ள மூடிய குழுவில் சொன்னது 'பொதுவில் வைத்ததா' என்பது வாதத்துக்குரியது.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியாக இருப்பது ஹெலன் நிஸ்ஸன்பாம் 2004இல் முன்வைத்த கருத்து. ஒரு செய்தி பொதுவா ரகசியமா என்று இரண்டாகப் பிரிப்பதால் பயனில்லை என்கிறார் அவர். எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டதோ அதற்கு ஒவ்வாத வழியில் செய்தி நகரும்போதுதான் அந்தரங்கம் மீறப்படுகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கிணற்றடியில் சொன்னதைப் பஞ்சாயத்தில் எடுத்து வைப்பது. மேலே பார்த்த தகராறுகளில் பலவற்றை இந்த அளவுகோலால் அளக்கலாம்.

தமிழில் பேசும்போது

பெயரை நீக்கினால் போதும் என்பது பொறியாளர்களிடமும் பரவியுள்ள நம்பிக்கை. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000ஆம் ஆண்டில் லடான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். நம்மைப் போன்ற சிறு சமூகத்தில் அவ்வளவுகூட வேண்டாம். 'டொராண்டோ, இரட்டைக் குழந்தைகள், கணவர் கணக்காளர்' என்று எழுதினால், கோயிலில் சந்திக்கும் நாலு பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். 'பேந்து' என்று எழுதினால் யாழ்ப்பாணப் பக்கம். 'அவுக' என்றால் தென்மாவட்டம். மொழியே கைரேகை போலக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலக் கடலில் மறைய முடிகிறவருக்குத் தமிழ்க் குளத்தில் மறைவது கடினம். குடிப்பழக்கம், மணமுறிவு, மனநோய், குழந்தையின்மை ஆகியவற்றைப் பற்றி வாய் திறக்க நம்மவர்கள் தயங்குவதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதே சமயம், அந்தத் தமிழில்தான் சிலருக்கு அழ முடிகிறது. ஆகவே பேசாதீர்கள் என்பது தீர்வாகாது. குழு நடத்துகிறவர்கள் சிலவற்றைச் செய்யலாம். யார் படிக்கிறார்கள், எவ்வளவு நாள் சேமிப்பில் இருக்கும், ஆய்வாளருக்கோ நிறுவனத்துக்கோ தரப்படுமா என்பதை நாலே வரியில், எளிய தமிழில், சேரும் முன்பே சொல்லிவிடலாம். தேவையற்ற பட்டியலைச் சேர்க்காமலே இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யாருக்குத் தெரிவிப்போம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆய்வு செய்பவர்கள் உறுப்பினரின் சொற்களை அப்படியே மேற்கோள் காட்டினால், தேடுபொறியில் இட்டு ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஐசன்பாக், டில் ஆகிய இருவரும் 2001லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்தார்கள். மொழி மாதிரிகளுக்காக இணையத்தையே வாரி எடுக்கும் இக்காலத்தில் அந்த எச்சரிக்கைக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது.

உறுப்பினர்களாக இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. படித்ததை நகல் எடுத்து வேறு குழுவுக்கு அனுப்பும் முன், சொன்னவர் இதை யாரை நம்பிச் சொன்னார் என்று ஒரு கணம் யோசிப்பது. ஏக்ரன் நகரத்து அறையைக் காத்தது அந்த யோசனைதான். அதற்கு மாற்றாக ஒரு மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.