கணினிக்குள் ஓடும் திரவம்: திறப்பதற்கு முன் ஆவணங்களைக் காப்போம்

வெளிநாட்டு உறவினர்கள் பாவித்துவிட்டு அனுப்பும் மேசைக் கணினிகள் சிலவற்றில் திரவக் குளிரூட்டி இருக்கிறது. பெரகலயில் நான் திருத்தும் கணினிகளிலும் அவற்றைக் காண்கிறேன். வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர்கள், குடும்பத்தின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களையும், பிரஜாவுரிமைப் பத்திரங்களையும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகளையும் அதே கணினியில்தான் சேமித்திருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் சிலருக்கு எஞ்சியிருப்பதே இந்தப் பிரதிகள்தான். எனவே கணினியைத் திறப்பதற்கு முன் அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், இன்னொரு வீட்டில் இருக்கும் பென் டிரைவ் ஒன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள்.

வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் லொறியின் ரேடியேட்டர் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பிராசஸரின் சூட்டைத் திரவம் எடுத்துச் செல்கிறது, பம்ப் அதை ஓட்டுகிறது, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மின்விசிறியும் சூட்டை வெளியேற்றுகின்றன. தகடுகளில் தூசு அடைத்தால் திரவம் எவ்வளவு ஓடியும் பயனில்லை. எங்கள் பக்கத்து மூடுபனி ஈரத்தில் தூசு தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்வது நல்லது.

மின் இணைப்பைக் கழற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, வழமையாகக் காற்று செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் புளோவரால் ஊதுங்கள். தகடுகளை அழுத்த வேண்டாம், வளைந்துவிடும்.

திரவக் குளிரூட்டியில் இரண்டு வகை உண்டு. தொழிற்சாலையிலேயே மூடி வருவது ஒன்று. அதைத் திறந்து திரவம் ஊற்றக் கூடாது. ஆண்டுகள் செல்ல, குழாய்ச் சுவரினூடாகத் திரவம் சிறிது சிறிதாகக் குறையும். களகளவென்ற சத்தம் நிற்காமல் கேட்டாலோ, சும்மா இருக்கும்போதே சூடு ஏறினாலோ அது முடியும் தறுவாயில் இருக்கிறது. பல பிராசஸர்கள் 95 முதல் 100 பாகை செல்சியஸில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மற்றையது, நாமே திரவம் நிரப்பும் வகை. பழைய திரவத்தை வடித்து, வடிகட்டி மூலம் வரும் நீரால் அல்ல, காய்ச்சி வடித்த நீரால் தெளியும்வரை அலசி, கணினிக்கென விற்கும் திரவத்தை ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாதுக்கள் உண்டு. அவை உள்ளே படியும், கசிந்தால் மின்சாரத்தையும் கடத்தும். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். நிரப்பிய பின் இணைப்புகளின் கீழ் டிஷூ விரித்து, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். டிஷூ நனையாவிட்டால்தான் மற்றப் பாகங்களுக்கு மின் கொடுக்கலாம்.

பிராசஸர் மேலுள்ள பகுதியைக் கழற்றினால் பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, கடலை அளவு புதிய பேஸ்ட் வைத்துப் பூட்டுங்கள்.

கசிவைக் கண்டால் சுவரிலுள்ள சுவிட்சை உடனே நிறுத்துங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீண்டும் போட வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, நனைந்திருந்தால் நன்றாக உலரவிட்டு, வேறொரு கணினியில் வாசிக்கலாம். மதர்போர்ட் எரிந்தாலும் டிஸ்க் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

திரவக் குளிரூட்டி பழுதானால், அதேபோல் இன்னொன்றைத் தேடி அலையாமல் நல்ல காற்றுக் குளிரூட்டி ஒன்றைப் பூட்டும்படி பெரும்பாலானோருக்கு நான் சொல்கிறேன். ஊவாவின் குளிர்ந்த காற்று அதற்குத் துணை செய்யும். கசிவதற்கு அதில் ஒன்றுமில்லை, விசிறி நின்றால் புதிய விசிறி மட்டும் போதும்.