பேரிணிக் கூத்தின் முழவிசை: மீட்பும் படைப்பும்

முன்னுரை

காகதியர் காலத்து ஆடவர் கூத்தாகிய பேரிணி, இருபதாம் நூற்றாண்டில் ஐதராபாத்தைக் களமாகக் கொண்டு புத்துயிர் பெற்றது. அப்பணியை மேற்கொண்டவர் நடராஜ ராமகிருஷ்ணா (1923–2011). வழக்கொழிந்த ஒரு கூத்தின் முழவிசையை நூல், சிற்பம் ஆகியவற்றின் துணைகொண்டு எந்த அளவிற்கு மீட்க இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சான்றுகள்

கணபதிதேவனின் யானைப்படைத் தலைவனாகிய ஜாயப சேனானி கி.பி. 1253-54இல் இயற்றிய ‘நிருத்த ரத்னாவளி’ முதற்சான்றாகும். எட்டு இயல்களைக் கொண்ட இவ்வடமொழி நூலின் முதல் நான்கும் மார்க்க மரபையும், பின் நான்கும் தேசி மரபையும் உரைக்கின்றன. பேரிணி தேசி வகையைச் சார்ந்தது. வே. இராகவன் பதிப்பித்த இந்நூல் 1965இல் சென்னையில் வெளிவந்தது. கி.பி. 1213இல் எழுந்த பாலம்பேட்டை இராமப்பா கோயிலின் ஆடற் சிற்பங்களும் முழவோர் உருவங்களும் இரண்டாம் சான்றாகும்.

தாள அமைப்பு

நூல் கூத்தின் உறுப்புகளை வரையறுக்கிறது. சிற்பமோ அசைவின் ஒரு கணத்தை மட்டும் நிறுத்திக் காட்டுகிறது. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் காலத்தை முழவாசிரியரே அமைத்தல் வேண்டும். சான்றாக, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளும் நான்கு நான்காகப் பகுக்கப்பட, ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரையாகும். ஒரு சொற்கட்டை மும்முறை இசைத்து, இடையே இரு கார்வைகள் வைத்து, அதனை நிறைவு செய்ய எண்ணுவோர்க்குப் பல வழிகள் உண்டு. சொற்கட்டு 10 மாத்திரையாயின் கார்வை 1. 8 ஆயின் 4. 6 ஆயின் 7. மூன்றும் கணக்கில் சரியே. எனினும் முதலாவது நெருக்கத்தையும் மூன்றாவது நிதானத்தையும் தரும். தாளத்தின் பெயரும் அளவும் கிடைத்தாலும் அதன் நடை தானே கிடைத்துவிடுவதில்லை.

தமிழ் மரபு

இந்நிலை நமக்கும் பொருந்தும். சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் தகுதிகளைக் கூறுகிறது. அடியார்க்குநல்லார் முழவுகளின் பெயர்களை நிரல்படத் தந்து, அவற்றை அகமுழவு, புறமுழவு முதலிய வகைகளாகப் பகுத்துக் காட்டுகிறார். இவை இலக்கணச் செய்திகள்; இசைக்கப்பட்ட சொற்கட்டுகள் அல்ல.

முடிவுரை

1985இல் இராமப்பா கோயிலில் ஆடப்பெற்ற பேரிணி, பழைய இலக்கணத்தின்மேல் எழுந்த புதிய படைப்பு எனக் கொள்வதே பொருத்தமாகும். இவ்வேறுபாட்டை உணராது, இன்றைய முழவிசையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற்குச் சான்றாகக் காட்டுவது வரலாற்றுப் பிழையாகும். இவ்வாறு கூறுவதால் மீட்டோர் பெருமை குறையாது. காலத்தால் அழிந்த ஓசையைத் தம் புலமையால் ஈடுசெய்த முழவாசிரியர்களின் பங்கே தெளிவுறும்.