துளையட்டையும் பிரிசீட்டும்: வாஷிங்டன் மாநிலத்தில் உரிமம் பெற்ற சிறுசூது வணிகத்தின் வரலாறு

சூதாட்டம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய களங்களையே நாடுகின்றன. கசினோ, குதிரைப் பந்தயம், அரசு லாட்டரி ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம், கடை மேசையில் வைத்து விற்கப்படும் சில்லறைச் சூதுகளுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'பஞ்ச்போர்டு' எனப்படும் துளையட்டையும் 'புல்-டேப்' எனப்படும் பிரிசீட்டும் அத்தகையவை. வாஷிங்டன் மாநிலம் இவ்விரண்டையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து உரிமத் தொழிலாக மாற்றிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஆட்டத்தை நேர்மையாக நடத்துவது என்றால் சட்டத்தின் பார்வையில் என்ன பொருள் என்பதே இங்கு எழும் வினா.

பொருளின் அமைப்பு

துளையட்டை என்பது நூற்றுக்கணக்கான சிறு துளைகள் இடப்பட்ட தடித்த அட்டை. ஒவ்வொரு துளையிலும் சுருட்டி மடித்த ஒரு தாள் இருக்கும். ஆடுபவர் காசு கொடுத்து, ஊசி போன்ற ஒரு கருவியால் விரும்பிய துளையைக் குத்தி, வெளிவரும் தாளில் உள்ள எண்ணைப் பார்ப்பார். தமிழகப் பெட்டிக்கடைகளில் சிறுவர்க்கெனத் தொங்கிய பரிசு அட்டையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிரிசீட்டோ பல அடுக்குத் தாளால் ஆனது. அதன் சாளரத்தைக் கிழித்துத் திறந்தால் உள்ளே குறியீடுகள் தெரியும். இரண்டிற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. ஒரு தொகுதியில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையும் பரிசுகளின் எண்ணிக்கையும் அச்சிடும்போதே முடிவாகிவிடுகின்றன. குலுக்கல் நாள் என்று ஒன்று கிடையாது. இவ்வணிகத்தில் நிகழ்ந்த மோசடியும் அதற்கு எதிராக எழுந்த விதிகளும் இப்பண்பிலிருந்தே பிறந்தவை.

துளையட்டையின் தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு மதுக்கடைகளில் உள்ளது. கடைக்காரரே மரப்பலகையில் துளையிட்டுச் சீட்டுகளை நிரப்பினார். பரிசு எங்கே உள்ளது என்பதையும் அவரே அறிந்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்டையால் ஆன பலகைகள் வந்தன. துளையின் முன்பக்கமும் பின்பக்கமும் தாளால் மூடப்பட்டதால் கடைக்காரரின் கைவரிசை கடினமாயிற்று. ஆனால் மோசடி ஒழியவில்லை, இடம் பெயர்ந்தது. பரிசுத் துளைகளைக் காட்டும் வரைபடம் பலகையோடு சேர்த்தே விற்கப்படலாயிற்று. அதனைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பரிசுகளைத் தம் ஆட்களைக் கொண்டே குத்தி எடுத்துவிட்டு, மீந்த துளைகளைப் பொதுமக்களுக்கு விற்க முடிந்தது. 1939ஆம் ஆண்டில் மட்டும் 5 கோடி பலகைகள் விற்றிருக்கலாம் என்று சூதாட்ட நூலாசிரியர் ஜான் ஸ்கார்ன் மதிப்பிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல மாநிலங்கள் இவற்றைத் தடைசெய்தன.

தடையும் சகிப்பும்

வாஷிங்டன் மாநிலத்தின் 1889ஆம் ஆண்டு அரசமைப்பு, சட்டமன்றம் எந்த லாட்டரியையும் ஒருபோதும் அனுமதிக்கலாகாது என்று விதித்தது. நடைமுறை வேறாக இருந்தது. சியாட்டில் நகரில் பல பத்தாண்டுகள் 'சகிப்புக் கொள்கை' நிலவியது. சட்டம் தடுத்ததை நகர நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டது. அந்தப் பாராமுகத்துக்கு விலையாகக் காவலர்களுக்குக் கையூட்டுச் சென்றது. 1971இல் கிங் கவுண்டியின் பெருநடுவர் குழு காவல் அதிகாரிகள் பலர் மீது குற்றம் சாட்டியபோது இவ்வமைப்பு பொதுவெளியில் சரிந்தது.

இதற்கு முன்பே சட்டப்படியான ஒரு மாற்றுவழி முயலப்பட்டது. துளையட்டை, சீட்டாட்ட அறை, பிங்கோ முதலியவற்றுக்கு இடமளிக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் 1963இல் நிறைவேற்றியது. அது பொதுவாக்கெடுப்புக்குச் சென்று 1964 நவம்பரில் மக்களால் நிராகரிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில் நிலை மாறியது. 1972இல் மக்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தம், இரு அவைகளிலும் 60 விழுக்காட்டு ஆதரவு இருந்தால் சூதாட்டத்தை அனுமதிக்கலாம் என்றது. 1973இல் சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டு, மாநிலச் சூதாட்ட ஆணையம் அமைந்தது. மக்களின் அறநோக்கு எட்டாண்டுகளில் தளர்ந்துவிட்டது என்று மட்டும் இதனைக் கொள்வது போதாது. தடை என்பது கையூட்டின் மறுபெயர் ஆகிவிட்டதை இடைப்பட்ட காலம் வெளிப்படுத்தியிருந்தது.

'வணிகத் தூண்டுகோல்'

தொண்டு அமைப்புகளோடு, உணவும் மதுவும் அங்கேயே உண்ணப் பருகத் தரும் கடைகளுக்கும் துளையட்டை, பிரிசீட்டு உரிமம் கிடைத்தது. இங்குச் சட்டம் கையாளும் தொடர் 'வணிகத் தூண்டுகோல்' என்பதாகும். ஏற்கெனவே நடந்துவரும் கடையின் உணவு, பான விற்பனையைப் பெருக்கும் நோக்கில் அமைந்தால் மட்டுமே ஆட்டம் செல்லும். சூது தொழிலாக இருத்தல் ஆகாது, தொழிலுக்குத் துணையாக இருக்கலாம் என்பது இதன் உட்கருத்து. நுட்பமான இந்த வேறுபாடு எழுத்தில் தெளிவாக உள்ளது. கடை மேசையில் அத்தனை தெளிவாக இருப்பதில்லை. மது அருந்துபவர் சீட்டு வாங்குகிறாரா, சீட்டு வாங்குபவர் மது அருந்துகிறாரா என்பதை எந்தக் கணக்கேடும் பிரித்துக் காட்டாது.

விதிகளின் தருக்கம்

ஆணைய விதிகளுள் முதன்மையானது, ஒரு தொகுதியின் மொத்த விற்பனையில் குறைந்தது 60 விழுக்காடு பரிசாகத் திரும்ப வேண்டும் என்பது. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 50 சென்ட் விலையுள்ள 2,000 சீட்டுகள் கொண்ட தொகுதி முழுதும் விற்றால் 1,000 டாலர் வரும்; அதில் 600 டாலர் பரிசு. முதல் 300 சீட்டுகளுக்குள்ளேயே 200 டாலர் பெரும்பரிசும் 40 டாலர் சிறுபரிசுகளும் போய்விட்டன எனக் கொள்வோம். மீதமுள்ள 1,700 சீட்டுகளின் விலை 850 டாலர், மீதப் பரிசு 360 டாலர். அதாவது, இனி வாங்குவோர்க்குத் திரும்புவது ஏறத்தாழ 42 விழுக்காடே. அச்சிட்ட விகிதம் பொய்யாகவில்லை, ஆயினும் அது நிகழ்காலத்துக்கு உரியதன்று. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் அறிவார், புதிதாக உள்ளே வருபவர் அறியார்.

பரிசு விளம்பர அட்டை பற்றிய விதி இவ்விடைவெளியை நோக்கியே வரையப்பட்டது. 'ஃபிளேர்' எனப்படும் இவ்வட்டை அத்தொகுதியின் பரிசுகளைப் பட்டியலிடும். குறிப்பிடத்தக்க பரிசு ஒன்று வெல்லப்பட்டவுடன் அதனை அட்டையில் அடித்துவிட வேண்டும். வென்ற சீட்டு மீண்டும் கொண்டுவரப்படாதபடி சிதைக்கப்பட்டுச் சான்றாகப் பாதுகாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் ஆணையத்தின் அடையாள முத்திரையைத் தாங்க வேண்டும். அச்சிடுபவர், மொத்த விற்பனையாளர், கடைக்காரர் என அனைவரும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பரிசு வரைபடத்தை விற்ற பழைய அச்சகங்களை நினைவில் வைத்துப் பார்த்தால், கண்காணிப்பு ஏன் கடையோடு நில்லாமல் அச்சுக்கூடம் வரை நீண்டது என்பது விளங்கும். பேனாவால் ஒரு கோடு இழுப்பது அற்பச் செயல். அக்கோடு இழுக்கப்படாத ஒவ்வொரு நிமிடமும் கடைக்காரர் இல்லாத பொருளை விற்கிறார்.

வரியின் பகுதி சுருக்கமானது. நகரங்களும் கவுண்டிகளும் இவ்வாட்டங்களை முற்றாகத் தடுக்கலாம், அனுமதித்தால் வரி விதிக்கலாம். தற்போதைய வரம்பு, வணிகக் கடைகளுக்கு மொத்த வரவில் 5 விழுக்காடு அல்லது பரிசு நீங்கிய வரவில் 10 விழுக்காடு. மேற்கண்ட தொகுதிக்கு முதல்முறையில் 50 டாலரும் இரண்டாம் முறையில் 40 டாலரும் ஆகும். இவ்வருவாய் முதலில் சூதாட்டச் சட்டத்தை நடைமுறைப்படுத்தவும், பின்னர் விரிந்த பொருளில் பொதுப் பாதுகாப்புக்கும் முதன்மையாகச் செலவிடப்பட வேண்டும் என ஆயிற்று. காவலர்க்கு மறைவாகச் சென்ற பணம் இப்போது நகரக் கருவூலம் வழியாக அவர்களிடம் செல்கிறது என்று சொன்னால் மிகைபோல் தோன்றும். ஆனால் அது பற்றுச்சீட்டுடன் செல்கிறது என்பதே 1973இன் உண்மையான சாதனை.

பழங்குடி நிலங்களில் இவ்வாட்டங்கள் தனி வழியில் சென்றன. 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், பிங்கோ நடைபெறும் அதே இடத்தில் நடத்தப்படும் பிரிசீட்டையும் துளையட்டையும் இரண்டாம் வகுப்பு ஆட்டங்களாக வகைப்படுத்தியது.

சீட்டும் ஆளும்

மேற்கண்ட விதிகள் யாவும் சீட்டின் நேர்மையைக் காப்பவை. முழு நேர்மையுடன் நடத்தப்படும் தொகுதியிலும் 1,000 டாலருக்கு 400 டாலர் ஆடுபவர்களிடமிருந்து போகவே செய்யும். ஆடுபவரை அவரிடமிருந்தே காக்கும் விதிகள் மிகச் சில. 18 வயது நிரம்பாதோர்க்குச் சீட்டு விற்கலாகாது. கட்டுமீறிச் சூதாடுவோர்க்கு உதவி கிடைக்கும் இடம் பற்றிய அறிவிப்பு கடையில் இருக்க வேண்டும். இவற்றினும் கூர்மையானது கடன் தடை: ஆட்டத்துக்கான பணம் பொதுவாக ஆடுமுன்னரே முழுதும் செலுத்தப்பட வேண்டும். மதுவுக்கான தொகையைக் கணக்கில் எழுதிவைத்து வீடு திரும்பும்போது தீர்ப்பது அத்தகைய கடைகளின் பழைய பழக்கம். அதே மேசையில், அதே பணியாளர், அதே வாடிக்கையாளருக்கு மதுவைக் கணக்கில் எழுதலாம். சீட்டை எழுதக் கூடாது.